ஒரு ஸ்தாயி கீழே

மாண்டலின் என்னும் வாத்தியத்தை அறியாத தமிழர் அதிகம் பேர் இருக்க மாட்டார்கள். உ. ஸ்ரீநிவாஸ் அதைச் சிறு பிராயத்திலேயே கச்சேரி மேடைக்குக் கொண்டு வந்து, "இதிலும் கமகம் பேசுமா?" என்று கேட்டவர்களின் வாயை அடைத்தார். 2014-ம் வருஷம் தமது 45-வது வயதிலேயே அவர் காலமாகிவிட்டது நம் துரதிருஷ்டம். அவர் கையாண்டது மின்சார மாண்டலின். தந்திகளை இரட்டை இரட்டையாக வைக்காமல் ஒற்றையாக அமைத்துக்கொண்டார். ஆனால் நாம் இப்போது சொல்லப் போவது அந்த வாத்தியத்தைப் பற்றியல்ல. அதனுடைய தமையனைப் பற்றி. அண்ணன் தம்பி இருவருக்கும் முகஜாடை ஒன்றுதான். குரலில்தான் வித்தியாசம். தம்பி பாடுவதையே அண்ணன் ஒரு ஸ்தாயி கீழே பாடுவான். அவனுக்கு "ஆக்டேவ் மாண்டலின்" என்று பெயர்.

இந்த வாத்தியத்தோடு நமக்குப் பழக்கம் ஏற்பட்ட இடம் அயர்லாந்து தேசத்தின் மேற்குக் கரையை அடுத்த கிளேர் மாவட்டத்து என்னிஸ் நகரம். அங்கே ஒரு பள்ளிக்கூடத்தில் கணிதம் போதிக்கிறோம். அந்த மாவட்டத்தில் சங்கீதத்துக்குப் பஞ்சமே கிடையாது. மில்டவுன் மால்பே என்ற சிற்றூரில் 1973-ம் வருஷம் முதல் ஜூலை மாதந்தோறும் வில்லி கிளான்ஸி பெயரால் கோடைப் பள்ளி நடக்கிறது. குழல், பிடில், துருத்திப் பை வாத்தியம் முதலியவற்றைக் கற்றுக்கொள்ளப் பல தேசங்களிலிருந்தும் ஜனங்கள் வந்து கூடுகிறார்கள். தஞ்சாவூர் ஜில்லாவில் பிறந்து வளர்ந்த ஒருவன் இப்படிப்பட்ட ஊரில் போய்க் குடியேறினால் கையைக் கட்டிக்கொண்டு சும்மா உட்கார்ந்திருக்க முடியுமா? ஒரு சிறிய மாண்டலினை வாங்கி வந்து வாசிக்கப் பழக ஆரம்பித்தோம்.

அந்தச் சமயத்தில்தான் நம் தாயார் காலமானார். கும்பகோணத்தில் தனியே இருந்த தந்தையாரை நம்மோடு அழைத்து வந்து வைத்துக்கொண்டோம். தபால் இலாகாவில் உத்தியோகம் பார்த்து ஓய்வு பெற்றவர். இளமையில் பஜனை மடத்தில் தம்பூரா மீட்டியவர். கச்சேரி என்றால் பத்து மைல் நடந்து போவார். ஆனால் நம் வீட்டுக்கு வந்தபோது அவருக்குக் காது வெகுவாக மந்தப்பட்டிருந்தது. காதுக் கருவி வாங்கிக் கொடுத்தோம். அதை மாட்டிக்கொண்டால் பேச்சைவிடத் தட்டும் கரண்டியும் மோதுகிற சப்தந்தான் பெரிதாய்க் கேட்கிறது என்று கழற்றிப் பெட்டியில் வைத்துவிட்டார். சாப்பாட்டு மேஜையில் நாங்கள் நால்வரும் பேசுவோம். அவர் தட்டைப் பார்த்துக்கொண்டிருப்பார். பேரன் ஏதாவது சொல்லி எல்லாரும் சிரித்தால், காரணம் தெரியாவிட்டாலும் மரியாதைக்காகத் தாமும் ஒரு சிரிப்புச் சிரிப்பார். அந்தச் சிரிப்பைப் பார்க்கத்தான் நமக்குச் சகிக்காது.

ஒரு நாள் அவரை அருகில் உட்கார வைத்து நமது மாண்டலினில் ஒரு பாட்டு வாசித்துக் காட்டினோம். சிறிது நேரம் முகத்தைச் சுளித்துக்கொண்டு கேட்டார்.

"என்னடா இது? சில்வண்டு கத்துகிற மாதிரி இருக்கிறது. பாட்டு எங்கே?" என்றார்.

வயோதிகத்தில் காது மந்தமாகும்போது முதலில் போவது மேல் ஸ்வரங்களும் கூர்மையான சப்தங்களுமே என்பது வைத்தியர்கள் சொல்லும் விஷயம். அடி ஸ்வரங்கள் பெரும்பாலும் பின்னால்தான் மங்குகின்றன. தம்பியின் குரல் எட்டாவிட்டால் அண்ணனை அழைத்து வருவதுதானே யுக்தி? இந்த யோசனை நம் சொந்தமல்ல, நம் மனைவியினுடையது. "மாமாவுக்குத் தம்பூரா மாதிரி கனமாக ஏதாவது இருந்தால் கேட்கும். இந்தப் பொம்மையை வைத்துக்கொண்டு ஏன் அவரை வதைக்கிறீர்கள்?" என்று அவள் கேட்டாள். அந்த ஒரு கேள்விக்கு நாம் கொடுத்த விலை ஏறக்குறைய ஒரு மாதச் சம்பளம்!

இப்போது வாத்தியத்தின் லட்சணத்தைச் சொல்லுகிறோம். இரண்டிரண்டாக நான்கு ஜோடி. ஆக எட்டு உலோகத் தந்திகள். மாண்டலினுக்கும் பிடிலுக்கும் மேல்நாட்டு முறையில் சுருதி ஒன்றே: ஜி, டி, ஏ, ஈ. ஒவ்வொன்றும் முந்தியதற்குப் பஞ்சமம். மாண்டலினின் கீழ்த் தந்தி விநாடிக்கு 196 தடவை அதிர்கிறது. ஆக்டேவ் மாண்டலினின் கீழ்த் தந்தி அதில் சரிபாதி, 98 தடவை. மேல் ஜோடி அங்கே 659, இங்கே 330. கிதார் வாசிக்கும் நேயர்களுக்கு அடையாளம் சொல்வதானால், இதன் மேல் ஜோடி கிதாரின் முதல் தந்தியின் சுருதியே. இதன் கீழ் ஜோடி கிதாரின் ஆறாவது தந்தியை மூன்றாவது மெட்டில் அழுத்தினால் வரும் ஸ்வரம்.

சுருதி பாதியாக வேண்டுமானால், மற்றவை மாறாதிருக்க, தந்தி இரட்டிப்பு நீளமாக வேண்டும். மாண்டலினில் தந்தியின் பேசும் நீளம் சுமார் 14 அங்குலம். அதை இரட்டித்தால் 28 அங்குலம். அவ்வளவு நீளக் கழுத்தில் சாதாரண மனிதனுடைய விரல்கள் என்ன செய்யும்? ஆகையால் வாத்தியம் செய்பவர்கள் ஒரு சமரசத்துக்கு வருகிறார்கள். நீளத்தை 20 முதல் 23 அங்குலத்துக்குள் நிறுத்திவிட்டு, மீதிக் குறைக்குத் தந்தியின் கனத்தைக் கூட்டிக் கணக்கைச் சரிக்கட்டுகிறார்கள். நம் வாத்தியம் 22 அங்குலம். அதன் மிக மெல்லிய தந்தி ஓர் அங்குலத்தில் ஆயிரத்தில் 12 பங்கு பருமன். மிகத் தடித்தது, கம்பி சுற்றியது, ஆயிரத்தில் 46 பங்கு. பள்ளிக்கூடத்தில் இந்தக் கணக்கைப் பத்தாம் பிராயத்துப் பிள்ளைகளுக்குப் போட்டுக் காட்டினால் கொட்டாவி விடுகிறார்கள். வாத்தியத்தையே எடுத்துப் போய்த் தந்தியை மீட்டிக் காட்டினால் கண் விழித்துக்கொள்கிறார்கள்!

பெயர் விஷயத்தில் ஒரு குழப்பம் உண்டு. அமெரிக்காவில் "ஆக்டேவ் மாண்டலின்" என்பதை அயர்லாந்திலும் இங்கிலாந்திலும் பலர் "ஆக்டேவ் மாண்டோலா" என்கிறார்கள். ஜெர்மனியின் மாண்டலின் கோஷ்டிகளிலோ வெறுமே "மாண்டோலா" என்றால் இதுதான். ஆனால் அமெரிக்காவில் மாண்டோலா என்று கேட்டால் வேறொரு வாத்தியத்தைக் கொடுப்பார்கள். கடைக்குக் கடிதம் எழுதுகிறவர்கள் பெயரை நம்பாமல் சுருதியையும் தந்தியின் நீளத்தையும் எழுதிக் கேட்பது உத்தமம்.

இதற்குப் பங்காளி ஒருவன் இருக்கிறான். அவன் "பௌஸௌகி". கிரேக்க தேசத்தில் பிறந்தவன். 1960-களின் மத்தியில் ஜானி மாய்னிஹன் என்பவர் அவனை ஐரிஷ் சங்கீதத்துக்குள் அழைத்து வந்தார். பிறகு ஆண்டி இர்வின், டோனல் லன்னி என்ற இருவரும் வந்தார்கள். 1972-ல் தோன்றிய "பிளாங்ஸ்டி" கோஷ்டியில் இவ்விருவரும் சேர்ந்து வாசித்த முறை, இன்று அத்தேசத்தில் பக்கவாத்தியத்துக்கே ஓர் இலக்கணமாகிவிட்டது. கிரேக்கனுக்கு முதுகு பானை போல உருண்டிருக்கும். அயர்லாந்துக்கு வந்தபின் முதுகு தட்டையாயிற்று. கழுத்து மட்டும் நீளமாகவே நின்றது. ஆக்டேவ் மாண்டலினுக்கும் ஐரிஷ் பௌஸௌகிக்கும் இன்று பிரதான பேதம் அந்தக் கழுத்து நீளந்தான். குட்டைக் கழுத்தில் பாட்டு வாசிப்பது சுலபம். நெட்டைக் கழுத்தில் முழக்கம் அதிகம். நமக்குப் பாட்டும் வேண்டும், தந்தையாருக்கு முழக்கமும் வேண்டும். நடுவான 22 அங்குலத்தைத் தேர்ந்தெடுத்ததற்கு அதுவே காரணம்.

நிற்க. வாத்தியம் வீட்டுக்கு வந்த முதல் வாரம் முழுவதும் நாம் வாசிக்கவேயில்லை, சுருதி சேர்த்துக்கொண்டிருந்தோம். எட்டுத் தந்தி வாத்தியத்தை வைத்திருப்பவனுடைய வாழ்வில் பாதி சுருதி சேர்ப்பதில் போகிறது, மறுபாதி சுருதி சேராத வாத்தியத்தை வாசிப்பதில் போகிறது என்று அவ்வூரில் ஒரு வேடிக்கைப் பேச்சு உண்டு. புதுத் தந்தி இரண்டு மூன்று நாள் இழுபட்டுக்கொண்டேயிருக்கும். அது இளகி ஓய்கிற வரையில் நமக்கும் ஓய்வில்லை. அப்புறம் சீதோஷ்ணம். அயர்லாந்தில் வெளியே எந்நேரமும் ஈரம். குளிர் காலத்தில் வீட்டுக்குள் கணப்பு மூட்டிவிட்டால் வறட்சி. ஈரத்தில் மேல்பலகை உப்பித் தந்திகள் மெட்டுக்களை விட்டு உயரும். வறட்சியில் தாழ்ந்து மெட்டுக்களில் உரசும். மரம் செத்துப் போயும் சுவாசிப்பதை நிறுத்துவதில்லை போலும்.

சுருதி சேர்க்கும் முறை இது. ஒரு ஜோடியில் ஒரு தந்தியை விரலால் அடக்கிவிட்டு மற்றதை மட்டும் மீட்டிச் சரியான சுருதிக்குக் கொண்டு வரவேண்டும். எப்போதும் கீழேயிருந்து மேலே ஏற்றித்தான் நிறுத்த வேண்டும். மேலேயிருந்து இறக்கி நிறுத்தினால் பிரடையின் பல் சக்கரத்திலுள்ள தளர்ச்சி சிறிது நேரத்தில் தந்தியை இன்னும் கீழே இழுத்துவிடும். கழுத்தின் தலைப்பில் தந்தி படிந்து செல்லும் காடியில் தந்தி சிக்கிக்கொண்டு, பிரடையைத் திருப்பத் திருப்ப அசையாமலிருந்து, திடீரென்று "டக்" கென்று தாவுவதுண்டு. அதற்கு ஒரு மருந்து: அந்தக் காடியில் பென்ஸில் முனையைத் தேய்த்துவிட்டால் தந்தி வழுக்கிக்கொண்டு போகும். பென்ஸிலுக்கு உபாத்தியாயர் வீட்டில் குறைவா? முதல் தந்தி நின்றபின் அதன் துணையை அதற்குச் சமமாக்க வேண்டும். பிறகு ஜி ஜோடியை ஏழாவது மெட்டில் அழுத்தினால் அடுத்த டி ஜோடியின் சுருதி கிடைக்கும். டியின் ஏழாவது மெட்டில் ஏ. ஏயின் ஏழாவது மெட்டில் ஈ.

ஜோடியைச் சமமாக்குவது எப்படி? இரண்டு தந்திகளும் ஏறக்குறைய ஒரே சுருதியில் இருந்தால் இரண்டு ஸ்வரங்களாகக் கேட்காது. ஒரே ஸ்வரம் அலை அலையாக எழுந்து விழும். ஒன்று 98 ஆகவும் மற்றது 97 ஆகவும் அதிர்ந்தால் விநாடிக்கு ஒரு அலை. வித்தியாசம் இரண்டானால் இரண்டு அலை. நெருங்க நெருங்க அலை நீண்டு, சோம்பி, கடைசியில் ஏரித் தண்ணீர் போல் அடங்கும். அடங்கின இடந்தான் சுருதி.

இதை நாம் ஒரு நாள் மாலை செய்துகொண்டிருந்தபோது தந்தையார் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தார். கேட்டுக்கொண்டிருந்தார் என்று எழுதவில்லை. நம் விரல்களையும் முகத்தையும் பார்த்துக்கொண்டிருந்தவர், திடீரென்று கையை நீட்டி வாத்தியத்தின் வயிற்றில் உள்ளங்கையை வைத்தார்.

"மீட்டு," என்றார்.

கீழ் ஜோடியை மீட்டினோம். கண்ணை மூடிக்கொண்டார்.

"இரண்டு பேரும் சேர்ந்து நடக்கவில்லை. ஒருத்தன் பின்தங்கி வருகிறான். ஏற்று. இன்னும் கொஞ்சம். இன்னும்... நிறுத்து! தாண்டிவிட்டாய். இறக்கிவிட்டு மறுபடி ஏற்று."

நமது காது அவருக்குச் சாட்சி சொல்லிற்று. அலை நின்றிருந்தது.

ஆச்சரியத்துக்குக் காரணம் தேடினால் இருக்கத்தான் இருக்கிறது. விநாடிக்கு 98 அதிர்வு என்பது தோல் நன்றாய் உணரக்கூடிய அதிர்வு. மேல்பலகை அதிர்வதும் அலையாய் ஏறி இறங்குவதும் உள்ளங்கைக்குத் தெளிவாய்த் தெரியும். பஜனை மடத்தில் தம்பூராவை மார்போடு அணைத்துக்கொண்டு கழித்த வருஷங்களில் அவருடைய காது மட்டுமா சுருதி பழகியிருக்கும்? விலா எலும்பும் பழகியிருக்கும். காது போனபின் அது மீதி நின்றது. ஆனால் காரணத்தை இவ்வளவு அமைதியாக எழுதுவது இன்றைக்கு. அன்றைக்கு நம் மனைவி சமையலறையிலிருந்து ஓடி வந்து வாசற்படியில் நின்றதும், தந்தையார் கண்ணைத் திறக்காமலே "அடுத்த ஜோடி" என்று சொன்னதுந்தான் ஞாபகத்தில் இருக்கிறது.

நம் புதல்வனிடம் ஒரு சிறு கருவி இருந்தது. வாத்தியத்தின் தலையில் கவ்வி வைத்தால் சுருதி ஏற்றமா இறக்கமா என்று விளக்கொளியில் காட்டும். பாட்டனுக்கும் பேரனுக்கும் போட்டி மூண்டது. அந்தக் கருவி எப்படி வேலை செய்கிறது தெரியுமா? அதற்கும் காது கிடையாது. மரத்தின் அதிர்ச்சியை மரத்தைத் தொட்டே அறிகிறது. அதனால்தான் நாற்பது பேர் கூச்சலிடும் இடத்திலும் அது தடுமாறுவதில்லை. இதைப் பேரன் ஒரு காகிதத்தில் எழுதிப் பாட்டனிடம் காட்டினான். "அப்படியானால் நானும் அதுவும் ஒரு ஜாதி," என்று சொல்லி உரக்கச் சிரித்தார். மரியாதைச் சிரிப்பல்ல, சொந்தச் சிரிப்பு.

இரட்டைத் தந்திகளைச் சமமாக்குவதில் கிழவர் வென்றார். ஜோடிக்கு ஜோடி பஞ்சமம் சேர்ப்பதில்தான் தகராறு. கருவி காட்டுவது மேல்நாட்டுச் சமபாகச் சுருதி. ஸ்தாயியைப் பன்னிரண்டு சமபாகம் செய்து மெட்டுக்கள் வைக்கப்பட்டிருக்கின்றன. சுத்தமான பஞ்சமம் ஒன்றரை மடங்கு. 98-லிருந்து மூன்று தடவை ஒன்றரை மடங்காக ஏறினால் மேல் ஜோடி 330.75-ல் நிற்கும். சமபாகக் கணக்கில் அது 329.6. விநாடிக்கு ஒரே அதிர்வுதான் வித்தியாசம். நம்மைப் போன்றவர்களுக்குப் பொருட்டல்ல. அந்தர காந்தாரத்தில்தான் வித்தியாசம் பெரிது. தம்பூராவில் தானாகப் பிறக்கும் காந்தாரத்தைவிட மெட்டில் கிடைக்கும் காந்தாரம் ஒரு நூலிழைக்கு மேலேயே கூர்மையானது. தந்தையாருடைய கை இந்தக் காந்தாரத்தை ஒத்துக்கொள்வதில்லை. "முள் குத்துகிறது" என்பார்.

விசேஷம் என்னவென்றால், ஐரிஷ் பக்கவாத்தியக்காரர்களும் அந்தக் காந்தாரத்தைப் பெரும்பாலும் தவிர்க்கிறார்கள். ஷட்ஜமும் பஞ்சமமுமாகத் திறந்த தந்திகளை முழங்க விட்டு, காந்தாரம் எதுவென்று பாட்டே சொல்லிக்கொள்ளட்டும் என்று விட்டுவிடுவார்கள். அவர்களுடைய பாட்டுக்களில் பல நம் சங்கராபரணத்தின் ஸ்வரங்களில் அமைந்தவை. சில ஹரிகாம்போதி, சில கரகரப்பிரியா, சில நடபைரவி ஸ்வரங்களில் அமைந்தவை. ராகம் என்று சொல்லமாட்டோம்; கமகமில்லாத ஸ்வர வரிசைதான். ஆனாலும் திடீரென்று ஒரு கைசிகி நிஷாதம் வந்து விழும்போது கும்பகோணத்துக் காது நிமிரத்தான் செய்கிறது.

விரல் விஷயத்தையும் சொல்லிவிட வேண்டும். சிறிய மாண்டலினில் ஆள்காட்டி விரல் இரண்டாவது மெட்டில் இருக்கையில் சுண்டு விரலை ஏழாவது மெட்டில் வைக்க 3 அங்குலம் விரித்தால் போதும். பெரியவனில் அதற்கே கிட்டத்தட்ட 5 அங்குலம் விரிக்க வேண்டும். உத்தியோகத்தில் பாதி நாள் சாக்குக்கட்டி பிடித்த கைக்கு இது லேசான காரியமல்ல. ஏழாவது மெட்டுக்குச் சுண்டு விரலை அனுப்பாமல் அடுத்த ஜோடியைத் திறந்தபடி மீட்டுவது ஒரு தப்பும் வழி, அதே ஸ்வரந்தானே! மணிக்கட்டை வளைக்காமல், கட்டைவிரலைக் கழுத்தின் பின்னால் தளர்வாய் வைத்து, கையையே சிறிது நகர்த்திக்கொள்வது இரண்டாவது வழி. வலியோடு போராடி விரலை நீட்டுவது மூன்றாவது. அதை ஒருவரும் பின்பற்ற வேண்டாம். நாற்பது வயதுக்கு மேல் தசை நார்கள் அவ்வளவு சீக்கிரம் மன்னிப்பதில்லை.

வலக்கையில் ஒரு சிறு தகட்டால் மீட்டுகிறோம். ரீல் என்ற நடைக்குக் கீழ், மேல், கீழ், மேல் என்று மாறி மாறிப் போக வேண்டும். ஜிக் என்ற நடை நம் "தகிட தகிட" தான். அதற்குக் கீழ்-மேல்-கீழ், மறுபடியும் கீழ்-மேல்-கீழ். ஒவ்வொரு "த" விலும் தகடு கீழ் நோக்கி இறங்க வேண்டும் என்பதுதான் ரகசியம். தடித்த ஜோடித் தந்திகளில் இது சிறிய மாண்டலினைப் போல் துரிதமாக வராது. வராததும் ஒரு வகையில் நன்மையே. அண்ணன் ஓடுவதற்குப் பிறந்தவனல்ல. நின்று முழங்குவதற்குப் பிறந்தவன்.

அவ்வூரில் வாத்தியக்காரர்கள் கூடுவது மதுக்கடையில். மதுக்கடை என்றதும் நேயர்கள் புருவத்தை நெரிக்க வேண்டாம். ஒரு மூலையில் ஏழெட்டுப் பேர் வட்டமாய் உட்கார்ந்து, காகிதம் இல்லாமல், ஒருவர் ஆரம்பித்த பாட்டை மற்றவர்கள் பிடித்துக்கொண்டு வாசிப்பார்கள். தேநீர் குடித்தபடியே இரவு முழுதும் உட்கார்ந்திருக்கலாம். ஆனால் எழுதாத சட்டங்கள் சில உண்டு. தெரியாத பாட்டில் கையை வைக்கக் கூடாது. பக்கவாத்தியமாகத் தந்தி மீட்டுகிறவர் ஒருவர் இருக்கும்போது இரண்டாமவர் தம் வாத்தியத்தை மடியில் வைத்துக்கொண்டு காத்திருப்பது மரியாதை. நாம் பல வாரங்கள் காத்திருந்தோம். நம் சபைகளில் உபபக்கவாத்தியக்காரர் தனி ஆவர்த்தனத்துக்குக் காத்திருப்பதைப் பார்த்துப் பழகியவர்களுக்கு இது சிரமமல்ல.

ஒரு வெள்ளிக்கிழமை தந்தையாரும் வருகிறேன் என்றார். கம்பளிச் சட்டையும் கழுத்துத் துணியுமாகப் போய் வட்டத்தின் அருகில் உட்கார்ந்தார். அந்தப் பெரிய மரமேஜையின் மேல்தான் எல்லாருடைய கோப்பைகளும் இருந்தன. அதன் காலில் வாத்தியக்காரர்களுடைய காலும் இடித்துத் தாளம் போட்டன. அவர் இரு கைகளையும் மேஜையில் விரித்து வைத்துக்கொண்டார். சிறிது நேரத்தில் வலது கைவிரல்கள் "தகிட தகிட" என்று எண்ண ஆரம்பித்தன. ஒரு எண்ணிக்கைகூடத் தவறவில்லை. பிடில் வாசித்த ஒரு மூதாட்டி இதைக் கவனித்துவிட்டார். பாட்டு முடிந்ததும் எழுந்து வந்து, ஒன்றும் பேசாமல் தமது பிடிலின் முதுகை அவர் கைக்கு எட்டும்படி திருப்பி நீட்டி, வில்லால் கீழ்த் தந்தியை நீளமாக ஒரு இழுப்பு இழுத்தார். தந்தையார் கையை எடுக்கவில்லை. பாஷை தெரியாத இருவர் நடத்திய சம்பாஷணை அது. நாம் மொழிபெயர்க்க முயலவில்லை.

அதற்குப் பிறகு வெள்ளிக்கிழமை தோறும் புறப்படுமுன் சுருதி சேர்க்கும் அதிகாரம் அவருடையதாகிவிட்டது. அவர் இஷ்டப்படிச் சுருதியையும் மாற்றினார். அவ்வூர்க்காரர்கள் பலர் மேல் ஈ ஜோடியை ஒரு முழு ஸ்வரம் இறக்கி ஜி, டி, ஏ, டி என்று வைத்துக்கொள்கிறார்கள். டியை ஷட்ஜமாகக் கொண்டால் இது மத்யமம், ஷட்ஜம், பஞ்சமம், ஷட்ஜம். கூட்டத்தில் வாசிப்பதற்கு வெகு சௌகரியம். வீட்டில் இருக்கும்போது ஏ ஜோடியையும் ஒரு ஸ்வரம் இறக்கச் சொல்லுவார். அப்போது ஜி, டி, ஜி, டி. அதாவது ஸ, ப, ஸ, ப. நம் வித்வான்கள் பிடிலுக்குச் சேர்க்கும் அதே முறை! எட்டுத் தந்திகளும் இரண்டே ஸ்வரங்களில் நின்று முழங்க, அவர் கையை வைத்துக்கொண்டு அரை மணி நேரம் உட்கார்ந்திருப்பார். வேறு பாட்டு அவருக்கு அப்போது வேண்டியதில்லை. நாம் மீட்டுகிற வேலையை மட்டும் செய்வோம்.

கடைசியாக நடந்தது ஒரு பரீட்சை. கிரேக்க பௌஸௌகியில் கீழ் ஜோடிகளில் ஒரு தடித்த தந்தியும் அதற்கு ஒரு ஸ்தாயி மேலான மெல்லிய தந்தியும் சேர்ந்திருக்கும். அயர்லாந்தில் பலர் இதை விலக்கி இரண்டையும் சமசுருதியிலேயே வைத்தார்கள். சிலருக்கு இன்னும் பழைய முறையில்தான் பிரியம். மெல்லிய தந்தி சேர்ந்தால் கீழ் ஸ்வரத்துக்கு ஒரு மினுமினுப்பு வருகிறது என்பது வாஸ்தவமே. புதல்வன் ஆசைப்பட்டுக் கேட்டான். தடித்த ஜோடியில் ஒன்றை மட்டும் கழற்றினோம். எட்டையும் ஒருமிக்கக் கழற்றினால் அழுத்தத்தாலேயே நிற்கிற குதிரை இடம் பெயர்ந்துவிடும். பிறகு பன்னிரண்டாவது மெட்டில் ஸ்தாயி சரியாக வரும்வரை குதிரையை முன்னும் பின்னும் நகர்த்திக்கொண்டிருக்க வேண்டும். கழற்றின இடத்தில் மெல்லிய தந்தியைப் பூட்டி ஒரு ஸ்தாயி மேலே சுருதி சேர்த்தோம். கேட்பதற்கு அழகாகவே இருந்தது. வீட்டில் எல்லாரும் மெச்சினார்கள்.

தந்தையார் கையை வைத்தார். மீட்டினோம். மறுபடி மீட்டச் சொன்னார்.

"ஒருத்தன்தான் இருக்கிறான். இன்னொருத்தன் எங்கே?"

"இருக்கிறான் அப்பா, மேல் ஸ்தாயியில் இருக்கிறான்," என்று காதருகே உரக்கச் சொன்னோம்.

"எனக்குத் தெரியவில்லையே," என்று சொல்லிவிட்டு, கையை எடுக்காமல் சற்று நேரம் காத்துக்கொண்டிருந்தார்.

புதல்வனே போய்ப் பழைய தடித்த தந்தியைக் கொண்டு வந்தான். அன்று இரவே அதைத் திரும்பப் பூட்டியாயிற்று. கழற்றிய தந்தியாதலால் மறுநாள் வரையில் சுருதி நிற்கவில்லை. மூன்று முறை தந்தையாரை எழுப்பும்படி ஆயிற்று. மெல்லிய தந்தி சுருட்டி வைத்தபடி மேஜை அறையில் கிடக்கிறது.